பதினான்கு வருடம், இரண்டு மாதம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் பலரைத் திட்டியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேராவது அந்தத் திட்டுக்கு உரியவர்கள் இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு வருடமாக வேலை. துவைப்பதும் உலர்த்துவதும் இயந்திரம். படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கம் விழாமல் விடுவது நாங்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் போகும். அதனால் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் துணிக்குத்தான் போகும், முகத்துக்கு அப்புறம்தான்.

கணவர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஆறு வயது. அவளுக்குப் பத்து வயதானபோது அக்கா வீட்டில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அப்போது என் தோள் உயரம் இருந்தாள். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை எனக்குக் கிடைத்த வாரமே, அவளை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டேன். அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வருடம், ஒரு மாதம். பதினெட்டு முடிவதற்குள் அனுமதி வந்தால்தான் அவள் சட்டப்படி என் பிள்ளை என்று வர முடியும். ஒரு நாள் தாண்டினாலும் அவள் யாரோ, நான் யாரோ.

ஆறு மாதத்தில் பதில் வரும் என்று குடிவரவு அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். நான் அதை நம்பி, வந்ததும் குளிருமே என்று ஒரு கம்பளிக் கோட்டுகூட வாங்கி வைத்தேன். வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகவே வாங்கினேன். விண்ணப்பம் நடக்கும்போது ஊருக்குப் போனால் சிக்கல் என்று யாரோ சொன்னதையும் நம்பினேன். அதனால் அதன் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. கிணற்றில் போட்ட கல்தான். தினமும் காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் அந்த இணையதளத்தைத் திறப்பேன். ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். தொலைபேசியில் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் இசை கேட்கலாம். பிறகு ஒரு பெண் வந்து, பரிசீலனையில் இருக்கிறது என்று அதையே வாயால் சொல்வாள்.

இதற்கிடையே, விண்ணப்பம் போட்ட அடுத்த மாதத்திலிருந்தே கடிதமும் எழுதிவந்தேன். மாதாமாதம், மகள் பிறந்த தேதியில், கையால் எழுதி, பதிவுத் தபாலில். எனக்குப் பெரிய எழுத்தெல்லாம் வராது. முதல் கடிதம் இவ்வளவுதான்: ‘ஐயா, என் மகளுக்கு இன்று பதினான்கு வருடம், இரண்டு மாதம். அவளுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.’ அடுத்த மாதமும் அதே கடிதம்தான். வயதை மட்டும் மாற்றினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட ஊதுகிற ஆளுக்காவது சத்தம் கேட்கும்.

மகளுக்குப் பதினேழரை நெருங்கும்போது, என்னோடு உருளையில் நிற்கும் தோழி ஒரு வக்கீலைப் பற்றிச் சொன்னாள். சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பார்ப்பாராம். போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் இழுத்து வரும் பெட்டிக்கு ஒரு சக்கரம் கிறீச்சிடும். சட்டைக் காலரில் மடிப்பு தப்பாக விழுந்திருந்தது. இவளா அரசாங்கத்தை மடக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விசா கொடு என்று நீதிமன்றம் உத்தரவு போடாது, முடிவு எடு என்றுதான் சொல்லும் என்றாள். சரி என்றோ இல்லை என்றோ ஒரு பதில் சொல்ல வைக்கலாம், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பதிலுக்காகவா கோர்ட்டு என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“அக்கா, இத்தனை வருஷமா உங்களுக்கு அதுகூடக் கிடைக்கலையே” என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வழக்குப் போட்ட இரண்டாவது மாதம், அலுவலகம் என் மகளின் கோப்பை முழுதாக நகல் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதுதான் முறையாம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூலகத்து மேஜையில் வைத்து வக்கீலம்மா புரட்டினாள். முப்பத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. விண்ணப்பம் போட்ட ஐந்தாவது வாரத்தில் ஓர் அதிகாரி எழுதிய குறிப்பு: ‘பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி பிளாஸ்டிக்கில் அடைக்கப்பட்டுள்ளது. முத்திரையைத் தொட்டுச் சோதிக்க முடியவில்லை. சரிபார்க்கும் வரை நிறுத்தி வைக்கவும்.’ கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. நிறுத்தி வைக்கச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது என் அத்தானின் வேலை.

அத்தான், அக்காவின் கணவர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கூடவே லேமினேஷன். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைக் காகிதம்தான்: லேமினேட் செய்தது, இனிமேல் செய்ய வேண்டியது. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், அக்காவின் மருந்துச் சீட்டு, ஒன்றையும் விட்டுவைத்தவர் இல்லை. மருந்துச் சீட்டில் டாக்டரால் மேற்கொண்டு எழுத முடியாமல் போனதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிப்போம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்தே போன் போட்டேன்.

“அத்தான், குட்டியோட பிறப்புச் சான்றிதழை லேமினேட் பண்ணியா அனுப்புனீங்க?”

“பின்னே? வெளிநாட்டுக்குப் போற காகிதமாச்சே. ரெண்டு தடவை பண்ணினேன். சொட்டுத் தண்ணி உள்ள போகாது, நூறு வருஷம் ஆனாலும் கலையாது.” குரலில் அவ்வளவு பெருமை.

நான் திட்ட ஆரம்பித்தேன். நூலகம் என்றும் பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடித்துவிட்டீர்களே, உங்கள் பிளாஸ்டிக்கால் என் பிள்ளை நாலு வருடமாக அடைந்து கிடக்கிறாளே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா பிறகு சொன்னாள், அவர் கடையை இரண்டு நாள் திறக்கவில்லையாம். மூன்றாம் நாள் விடிந்ததும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, புதுப் பிரதி வாங்கி, முத்திரையில் விரல்கூடப் படாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாராம். என் மகளை எட்டு வருடமாகச் சோறு போட்டு வளர்க்கிற மனிதர் அவர். இன்றைக்கும் அந்தப் போனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதுப் பிரதியை அலுவலகத்துக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நாலு வருடத்தில் எனக்கு வந்த முதல் பதில்: ‘கோப்பில் சேர்க்கப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.’

விசாரணைக்குத் தேதி கிடைத்தபோது மகளுக்குப் பதினெட்டு முடிய ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

அன்று காலை நீதிமன்றக் கதவில் அன்றைய வழக்குகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து ஐந்தாவது வரியில் என் பெயர். அதையடுத்து ‘எதிர்’ என்று ஒரு சொல். அதற்கு அந்தப் பக்கம் இந்த நாட்டின் குடிவரவு அமைச்சர். என் பெயரும் அவர் பதவியும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. அவருக்கு ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டிருக்கலாமே, யார் கேட்கப் போகிறார்கள்? போடவில்லை. போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வழி விட்டு விட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வக்கீலம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே கூரை அவ்வளவு உயரம். ஜன்னல்கள் கழுத்துக்கு மேலேதான் தொடங்கின. நீதிபதியின் இருக்கைக்கு ஐந்து படி ஏற வேண்டும். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கதவு திறந்து யார் வருவார் என்று பார்த்தால், ஒல்லியாக, குட்டையாக, சளி பிடித்த ஒரு மனிதர். கையில் வெந்நீர்ப் பாட்டில், இன்னொரு கையில் கைக்குட்டை. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையை யாரோ அவசரத்தில் இஸ்திரி போட்டிருந்தார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவர் மூக்கைச் சிந்தவே நேரம் போதாது, நம் வழக்கை எங்கே கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அரசு வக்கீல் மரியாதையான ஆள், அங்கி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் மூன்று விஷயம் சொன்னார். சான்றிதழைப் பிளாஸ்டிக்கில் அடைத்தது விண்ணப்பதாரரின் வீட்டார், அது அவர்கள் தவறு. புதுப் பிரதியைச் சரிபார்க்க இன்னும் அறுபது நாளாவது வேண்டும். அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிடும், ஆகவே இந்த வழக்கால் யாருக்கும் பயன் இல்லை. மூன்றாவதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். எழுந்து கத்தப் போனேன். வக்கீலம்மா என் மணிக்கட்டை மேஜைக்கு அடியில் அழுத்திப் பிடித்தாள்.

நீதிபதி மூலக் கோப்பைக் கேட்டார். மேலே கொடுத்தார்கள். அத்தானின் லேமினேஷனை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். நல்ல வேலைதான், எங்கும் பிரியவில்லை.

“முத்திரையைத் தொட முடியல, சரி. வேற பிரதி அனுப்புங்கன்னு இந்த அம்மாவுக்கு யாராவது எழுதினாங்களா?”

“ஃபைல்ல அப்படி எதுவும் இல்லீங்க” என்றார் அரசு வக்கீல்.

“இந்த அம்மா எழுதியிருக்காங்க. பக்கம் நாப்பத்தொண்ணு பாருங்க.”

அரசு வக்கீல் புரட்டினார். நீதிபதி படிக்க ஆரம்பித்தார்.

“பதினாலு வருடம், ரெண்டு மாசம்” என்றார். ஒரு தாளைப் புரட்டினார். “பதினாலு வருடம், மூணு மாசம்.” புரட்டினார். “பதினாலு வருடம், நாலு மாசம்.”

என் கடிதங்கள். ‘ஐயா’ என்றதைப் படிக்கவில்லை, வேண்டுகிறேன் என்றதைப் படிக்கவில்லை. வயதை மட்டும் படித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு தாளையும் ஓரம் பிடித்துப் புரட்டி வைத்து. பதினைந்து வந்தது. என் மகளுக்கு அம்மை போட்ட மாதம் வந்தது, அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினாறு வருடம் மூன்று மாதத்தில் அவருக்கு இருமல் வந்தது. வெந்நீர் ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். அடுத்த வழக்குக்காகக் காத்திருந்தவர்கள்கூட அசையவில்லை. மொத்தம் நாற்பத்தாறு கடிதம்.

“பதினேழு வருடம், பதினோரு மாசம்” என்று கடைசித் தாளையும் புரட்டி வைத்தார். “எல்லாத்துலயும் வந்து சேர்ந்த முத்திரை இருக்கு. படிச்சதுக்கு ஒரு அடையாளமும் இல்ல.”

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. கோபம் என்னை விட்டுப் போய்விட்டது. சின்ன வயதிலிருந்து என்னோடேயே இருந்த கோபம், தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. என் கடிதங்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுகூடத் தொலையாமல், துளை போட்டு, எண் போட்டு, வரிசையாக இருந்திருக்கின்றன. இருமலும் சளியுமாக ஒரு மனிதர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். உருளைக்குள் விரிப்பு விடுகிற கைகளால் நான் எழுதிய எழுத்து, அந்த ஐந்து படி ஏறி, அவ்வளவு உயரக் கூரைக்குக் கீழே சத்தமாக ஒலித்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கோர்ட்டில் கும்பிடலாமா என்று தெரியாததால் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து உத்தரவைச் சொன்னார். விசா கொடுங்கள் என்று தன்னால் சொல்ல முடியாது, அது அலுவலகத்தின் வேலை என்றார். பதினான்கு நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்றார். வக்கீலம்மா எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்கோ மனசு ஒன்பதுக்கும் பதினான்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஐந்து நாள் இடிக்கிறதே. அப்போது அவர் கைக்குட்டையைக் கீழே வைத்தார்.

“தாமதம் பண்ணுனவங்களே அந்தத் தாமதத்தைக் காரணமா காட்ட முடியாது. விண்ணப்பம் கொடுத்த அன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு என்ன வயசோ, அதுதான் வயசு. இந்த வழக்கைப் பொறுத்தவரை இவளுக்குப் பதினாலு வருடம், ஒரு மாசம்.”

அரசு வக்கீல் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் தலை குனிந்து, “சரிங்க” என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார். அவ்வளவு பெரிய அரசாங்கம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டது. பெண் பிள்ளை வளர்வதை யாரால் நிறுத்தி வைக்க முடியும்? அந்த ஒல்லி மனிதர் நிறுத்தி வைத்தார். எழுந்து, பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடியே உள்ளே போய்விட்டார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். வக்கீலம்மாவின் பெட்டிச் சக்கரம் பக்கத்தில் வந்து கிறீச்சிட்டு நின்றது.

ஒன்பதாம் நாள் மகளைப் போனில் கூப்பிட்டு வாழ்த்தினேன். உனக்குப் பதினெட்டு ஆகியிருக்கலாம், சட்டத்துக்கு நீ இன்னும் பதினான்குதான் என்றேன். அப்படியானால் பரீட்சையில் மார்க் குறைந்ததற்குப் பெரியம்மா திட்டக் கூடாது, சின்னப் பிள்ளைதானே என்றாள். பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. உத்தரவின் நகல் வந்துவிட்டதாம். லேமினேட் செய்யலாமா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செய்கிற முதல் லேமினேஷன் அது. நகல்தானே அத்தான், ரெண்டு தடவையே பண்ணுங்கள் என்றேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, பேருந்தில் வழக்கம்போல இணையதளத்தைத் திறந்தேன். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இருந்தது. மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

அவள் வந்த அன்று நல்ல குளிர். அலமாரியிலிருந்து கோட்டை எடுத்து, நானே இஸ்திரி போட்டு, கையில் மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். கதவு திறந்து திறந்து மூடியது. தினமும் போனில் பார்த்த முகம்தானே, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற தைரியத்தில், வருகிறவர்களின் தோள் உயரத்திலேயே தேடிக்கொண்டு நின்றேன். ஒரு நெடிய பெண் தள்ளுவண்டியோடு நேராக என் முன்னால் வந்து நின்றாள். வழி விட்டு நகர்ந்தேன்.

“அம்மா” என்றாள்.

அண்ணாந்து பார்த்தேன். அந்த ஐந்து படி உயரத்தைப் பார்த்த மாதிரியே. போனில் முகம்தான் வந்துகொண்டிருந்தது, உயரம் வரவில்லை. என் தலை அவளுடைய கழுத்துக்குத்தான் எட்டியது. இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தேன், கை மேலே போக வேண்டியிருந்தது.

அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ உயரமா இருப்பே, அம்மா. அப்படித்தான் நெனச்சிட்டே வந்தேன்.”

கோட்டை நீட்டினேன். போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. தோளில் ஏறவே இல்லை. சிரித்துக்கொண்டே கழற்றி, என்னைத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு கையாக எனக்கு மாட்டிவிட்டு, முன்பக்கம் வந்து குனிந்து பொத்தான்களைப் போட்டாள்.

எனக்கு அது சரியாக இருந்தது.